அப்பா சொன்ன சமாச்சாரம்

கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'சமாச்சாரம்'தான். பட்டன், பேட்டரி, ஒயர் என்று எது இருந்தாலும் அவர் வாயில் அது சமாச்சாரம். ரிமோட்டும் சமாச்சாரம், ரேடியோவும் சமாச்சாரம். "அந்தச் சின்ன சமாச்சாரத்த எடும்மா" என்பார். பழுதுபார்க்கும் மேசையில் கிடக்கும் முப்பது பொருளில் அது எது என்று அவர் மகளுக்கு மட்டும் தெரியும்.

சிறுவயதில் வந்த காய்ச்சலில் அந்த மகளின் காது போய்விட்டது. கருவி மாட்டினால்தான் கேட்கும். ஊருக்குத் தெரியக்கூடாது என்று, தலைமுடியால் அதை மூடிக்கொண்டு கடைக்கு வரச் சொல்லியிருந்தார். பெற்ற தகப்பன்!

அன்று காலை, கருவியில் ஒரே இரைச்சல் என்றாள். அவரே திறந்து துடைத்து மாட்டிவிட்டார்.

"இப்ப?"

"நீங்க மூச்சு விடுறதுகூட கேக்குதுப்பா."

பதினோரு மணிக்குத் தையல்கார அக்கா இஸ்திரிப் பெட்டியை வாங்க வந்தாள். மின்விசிறிக் காற்றில் மகளின் முடி விலகியது.

"அது என்னண்ணே, பாப்பா காதுல?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அதுவா... பாட்டு கேக்குற சமாச்சாரம்" என்று சிரித்தார்.

"அதானே பாத்தேன்! நாலு தடவ கூப்பிட்டாலும் மகாராணி திரும்ப மாட்டேங்கிறாளேன்னு. வேல நேரத்துல என்னம்மா பாட்டு? கழட்டி வை!"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் துடைத்துக் கொடுத்த கருவி ஓர் எழுத்தைக்கூடத் தவறவிடவில்லை. மெதுவாகக் கழற்றி, ரிமோட்டுகளுக்கு நடுவே வைத்தாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொய் சொல்லிட்டேன் தங்கச்சி. எம்பொண்ணுக்குக் காது கேக்காது. அது காது மெஷின். வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு நான்தான் மறைக்கச் சொன்னேன்."

"ஐயோ, நான் வேற மகாராணி அது இதுன்னு..." தையல்கார அக்கா இஸ்திரிப் பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

யாருக்குக் கேட்க வேண்டுமோ அவளுக்கு மட்டும் அது கேட்கவில்லை. கருவியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றாள், தெருவே திரும்பிப் பார்க்கும் குரலில். "மொகத்தப் பாத்துச் சொல்லுங்கப்பா. உதடு தெரியட்டும்."

நிமிர்ந்தார். உதடு துடித்ததில், சொன்னது அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.