சித்தி நசுக்கிய முட்டை

மகள் என் உள்ளங்கையில் ஒரு முட்டையை வைத்து, "பொத்திப் பிடிச்சு அமுக்குங்கம்மா, ஒடையாது. டீச்சர் சொன்னாங்க" என்றாள். அமுக்கினேன். மஞ்சள் கரு முழங்கை வரை வழிந்தது. மோதிரம் அழுத்திய இடத்தில்தான் ஓடு விரிசல் விட்டிருந்தது.

அந்தப் பச்சை முட்டை வீச்சத்தில் என் சின்ன வயசின் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டம், வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசல் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை; மிலாறு விறகின் புகை. அப்பா, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன கையால் முட்டையை நசுக்கப் பார்க்கிறார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தம்பி, என் சித்தப்பாவுக்கும் அதே கதிதான்.

கல்யாணமாகி ஒரு வாரமே ஆன சித்தி அடுப்படியில் நின்றிருந்தார். ஈர்க்குச்சி உடம்பு. "இது கொழுந்துக் கூடைய தூக்கிக்கிட்டு மலை ஏறுமா?" என்று லயமே பேசிக்கொண்டிருந்தது.

"இங்க குடுங்க."

ஒரே அமுக்கு. அப்பாவின் சட்டையெல்லாம் முட்டை. அதன்பிறகு சித்தியிடம் யாரும் குரலை உயர்த்தியதில்லை, சித்தப்பா உட்பட.

கையைக் கழுவிவிட்டு சித்திக்குப் போன் செய்தேன். "அன்னைக்கு ஒங்க வெரல்ல மோதிரம் இருந்துச்சா சித்தி?"

"கல்லு வச்ச மோதிரம். கல்ல உள்பக்கமா திருப்பிக்கிட்டுத்தான் முட்டையவே வாங்கினேன்" என்று சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "மெதுவா பேசு. ஒங்க சித்தப்பா பக்கத்துலதான் இருக்காரு."