தம்பியார் பேசி முடிக்கட்டும்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்று வளர்த்த பிள்ளைகள் ஐந்து. அம்மா கண்மூடியபோது நாலு வயதாயிருந்த தம்பியாரையும் நானே வளர்த்தேன், அவரோடு ஆறு. எங்கள் வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் இல்லை. படிப்பு மட்டும் இரண்டாம் வகுப்போடு சரி. ஆகவே நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

தம்பியார் பிறந்தது கல்குடாவில். கலியாணம் முடித்து வாவிக்கரைக்கு வந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசிப் பிழைத்தார். மனைவி முந்திப் போய்விட, ஒரே மகளுக்குத் தாயும் அவரே ஆனார். புற்றுநோய் என்று கொழும்பில் குரல்வளையை எடுத்த பிறகு, கழுத்துத் துவாரத்தால்தான் மூச்சு. அதற்குள் தண்ணீர் போனால் ஆபத்து என்று வாவியில் இறங்கவும் தடை. மீன் பொரிக்கும் வாசம்கூடத் தெரியாமல் போயிற்று. அதையெல்லாம் பொறுத்தார். மனிதரைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பிள்ளை, கழுத்தில் வைத்துப் பேசும் மெசின் ஒன்றைப் பழக்கினார். வண்டு இரைவது போன்ற சத்தம். மாதக்கணக்காகக் கண்ணாடிக்கு முன்னால் இருந்து பழகினார். கேட்க யார் காத்திருந்தார்கள்? இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலர், அவர் உங்களுக்குப் போன் எடுத்தால் சத்தத்தைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். சிலர் செவிடரிடம் கத்துவதுபோல் கத்தினீர்கள். அவர் பாதி சொல்ல, மீதியை நீங்களே சொன்னீர்கள்.

உங்களைச் சொல்லி நான் தப்ப முடியாது. தம்பியாரின் மகளுக்குச் சம்பந்தம் பேசக் குருக்கள்மடத்தில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, அந்தச் சத்தம் கேட்டு எழும்பிப் போய்விடுவார்களோ என்ற பயத்தில், மெசினை அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டேன். மகள் அப்போது வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார்கள். கலியாணம் முடிந்தால் நிப்பாட்டிவிடுவாள் என்று நானே சொன்னேன். தம்பியார் கையை ஆட்டினார், உதடு அசைந்தது. ஓம், சம்மதம் என்றுதான் சொல்கிறார் என்று அதற்கும் நானே கருத்துச் சொன்னேன். அவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

வந்தவர்கள் போனதும் மெசினைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அக்கா, தொண்டையத்தான் வெட்டினாங்க. தகப்பன் எண்டத வெட்டல்ல."

மறுநாள் தனியே பஸ் ஏறிக் குருக்கள்மடம் போனார். மாப்பிள்ளையின் தாய் றேடியோவை நிப்பாட்டிவிட்டு, கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அமர்ந்தாராம்.

"ஆறுதலாக் கதைங்க அண்ணன். எனக்கு வேலை ஒண்டும் இல்ல."

படிப்பு முடிந்த பிறகே தாலி என்று பேசி முடித்துத்தான் தம்பியார் திரும்பினார். மகளின் பட்டத்தையும் கண்டார், கலியாணத்தையும் கண்டார்.

நோய் மறுபடி வந்த கடைசி நாட்களில் மெசினைப் பிடிக்கக் கை எழவில்லை. நான் பிடித்தேன். சொல்ல வந்ததை அவர் சொல்லி முடிக்குமட்டும் நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் அவ்வளவு சுணங்கித்தான் வந்தது.

அந்தச் சம்பந்தியம்மாவுக்கும், பேச்சுப் பழக்கிய பிள்ளைக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தோருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் நன்றி என்று பொதுவாகப் போடச் சொல்கிறார்கள். எனக்கு அது வரவில்லை.

மெசினை ஒளித்த கதையை வெட்டிவிடுவோமா என்று பேத்தி கேட்கிறாள். வேணாம் புள்ள, அது கிடக்கட்டும். இப்ப முதல்ல இருந்து ஒருக்கா வாசி, கேட்பம்.