கார் நின்ற நாட்களின் செக்ரோல்

எங்கள் கார் மேட்டில் நிற்கத் தொடங்கியபோது என் மருமகன் சந்தேகப்பட்டது காரை அல்ல, என் இடது காலை. எழுபத்துமூன்று வயதில் கால் நடுங்குகிறது, கிளச்சை ஒழுங்காக விட முடியவில்லை, அதனால்தான் எஞ்சின் நின்றுவிடுகிறது என்றார்.

"சாவிய என்கிட்ட குடுத்துருங்க மாமா. இனி நானே ஓட்டுறேன்."

சாவி போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாதத்தில் இரண்டு நாள் எனக்கு நுவரெலியாவில் கிளினிக். பூண்டுலோயாவிலிருந்து பஸ் மாறி மாறிப் போக என் முழங்கால் இடம் கொடுக்காது. அவருக்கு லீவு கிடைக்கிற நாளில்தான் நான் நோயாளியாக இருக்க முடியும். இத்தனைக்கும் கார் என்னுடையது. அவர் குடியிருக்கும் வீடும் என்னுடையது.

நான் தேயிலைத் தோட்டத்து ஆபிசில் முப்பத்தொரு வருடம் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதியவன். ஒரு நாள் வேலை முழுக்கச் செய்தவருக்கு ஒரு பேர், பாதியில் திரும்பியவருக்கு அரைப் பேர் என்று குறிப்பது என் தொழில். அதே பழக்கத்தில் காருக்கும் ஒரு கொப்பியில் கணக்கு எழுதத் தொடங்கினேன். எஞ்சின் அடியோடு நின்றால் முழுப் பேர். இருமிவிட்டுப் பிழைத்துக்கொண்டால் அரைப் பேர். எந்த வளைவு, எத்தனை நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனது என்பதையும் பக்கத்தில் எழுதினேன். இரண்டு மாதத்தில் ஒன்பது முழுப் பேர், நாலு அரைப் பேர்.

கொப்பியை மருமகன் முன்னால் வைத்தேன். காலில் கோளாறு என்றால் கார் வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டும். இது சூடேறிய பிறகுதான் நிற்கிறது. இருபது நிமிடம் சும்மா விட்டால் தானாகவே உயிர் வருகிறது. அவர் ஐந்து பக்கங்களையும் புரட்டினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா பதிமூனும் நீங்க ஓட்டுனப்பதான். நான் ஓட்டுன நாள்ல ஒன்னுகூட இல்லையே."

எனக்கு எதிரான சாட்சியை நானே அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன். கடைசியில், லிந்துலையில் கராஜ் வைத்திருக்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் மெக்கானிக்கிடம் காட்டுவோம், காரில் பிழை இல்லை என்று அவர் சொன்னால் சாவியைத் தந்துவிடுகிறேன் என்றேன். மருமகன் உடனே சம்மதித்தார். ஏற்கெனவே இரண்டு மெக்கானிக்குகள் பார்த்து, பெட்ரோல் ஃபில்டரையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றி, ஒன்றும் கண்டுபிடிக்காமல் அனுப்பியிருந்தார்கள். அந்தத் தைரியம்.

சனிக்கிழமை காலை நானா ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். அது எதையும் காட்டவில்லை. மருமகன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நானா ஸ்கேனரைக் கழற்றி வைத்துவிட்டுக் கொப்பியை வாங்கி வாசித்தார்.

"இது சென்சர் வேல மாதிரி தெரியுது ஐயா. எஞ்சின் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு அதோட சக்கரத்துப் பல்ல ஒவ்வொன்னா எண்ணிக் கம்பியூட்டருக்குச் சொல்லுற சென்சர் ஒன்னு இருக்கு. உங்க உத்தியோகம்தான் அதுக்கும். சூடேறினா எண்ண மறந்துடும். எண்ணிக்கை வரலன்னா கம்பியூட்டர் எல்லாத்தையும் நிப்பாட்டிடும்."

"நான் எண்ண மறந்ததில்ல" என்றேன்.

"அதனாலதான் ஐயா, சென்சர மாத்தப் போறோம். ஐயாவ மாத்தல."

ஆனால் வெறும் சந்தேகத்தில் மாற்ற மாட்டாராம். கார் நிற்கிறபோது சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்றும்போது அதன் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் கொஞ்சமாவது எழும்ப வேண்டும். எஞ்சின் சுற்றியும் முள் படுத்தே கிடந்தால் சென்சர்தான். மருமகன் ஓட்ட, முள்ளைப் பார்க்க நான் முன்னால் உட்கார, நானா பின்னால் ஏறிக்கொள்ள, நானுஓயா மேட்டில் ஏறினோம்.

பதினோராவது வளைவில் கார் நின்றது. மருமகனின் கையில், மருமகனின் காலில். அவர் ஐந்து முறை சாவியைத் திருப்பினார். ஐந்து முறையும் எஞ்சின் சுற்றியது. முள் பூச்சியத்தை விட்டு அசையவில்லை.

பின்னால் வந்த தேயிலைக் கொழுந்து லொறி ஹோர்ன் அடித்தது. மருமகனுக்குப் பதற்றம். இறங்கி ஓடி, டிக்கிக்குள் ஸ்டெப்னிக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேனை இழுத்தார். அப்படி ஒரு கேன் என் காரில் இருப்பது எனக்குத் தெரியாது. ரோட்டோரப் பீலியில் தண்ணீர் பிடித்து வந்து பொனட்டைத் திறந்தார். நானும் நானாவும் இறங்கிப் பக்கத்தில் நின்று பார்த்தோம். ரேடியேட்டர் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, எஞ்சினின் அடியில் பெல்ட் ஓடும் ஓரத்தில், ஒரே இடத்தில் ஊற்றினார். மறுபடி ஏறி உட்கார்ந்தோம். நாலு நிமிடத்தில் கார் ஸ்டார்ட் ஆனது. முள்ளும் எழுந்தது.

நானா பின்னாலிருந்து சொன்னார்: "சென்சர் எங்க இருக்குன்னு மருமகனுக்கு நமக்கு முந்தியே தெரிஞ்சிருக்கே."

"எத்தன தடவ ஊத்துனீங்க?" என்று கேட்டேன்.

"ரோட்டுல எல்லாரும்தான் ஊத்துறாங்க மாமா. சூடுன்னு நெனச்சேன்."

"எத்தன தடவன்னு கேட்டேன்."

"ஆறோ ஏழோ."

"ஆறா, ஏழா?"

அவர் கியரைப் போட்டுக் காரை நகர்த்தினார். அவர் கையிலும் கார் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. பிழை என்னுடையதும்தான். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வந்து நின்றவருக்குத்தான் செக்ரோலில் குறி விழும். வீட்டுக்கு வந்து வாயைத் திறக்காதவரின் நாட்கள் கொப்பியில் வெறுமையாக இருந்தன. வெறுமை என்றால் நிற்கவில்லை என்று நானே நம்பிவிட்டேன்.

நானா புதுச் சென்சர் பொருத்தினார். அதே மேட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கினோம். ஒரு அரைப் பேர்கூட இல்லை. கராஜ் வாசலில் மருமகன் சாவியை நீட்டியபோது நான் வாங்கிக்கொண்டேன்.

"சென்சர் மாத்தியாச்சு" என்றார். "காலுக்கு என்ன மாத்துறதாம்?"

"வாய்க்கு ஏதாவது இருந்தா நானாகிட்ட கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றேன்.

என் பக்கத்தில் உட்கார அவருக்கு மனமில்லை. பஸ்ஸில் வருகிறேன் என்று நடந்தார். நானும் கூப்பிடவில்லை. அவர் எனக்கு ஐம்பது நிமிடம் பிந்தி வீடு வந்து சேர்ந்தார். இன்று வரை, எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லியனுப்புகிறார். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. குளிக்கப் போகும்போதும் அதை எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.