நெல் மண்டியில் ஆழ்கடல் சங்குகள்

அறுபதுகளின் பிற்பகுதியில், காஞ்சிபுரத்தில் என் கணவர் நடத்திவந்த நெல் மண்டியின் பின்கட்டில்தான் நான் ஆழ்கடல் சங்குகளை ஆராய்ந்தேன். வெளிச்சமே எட்டாத ஆழத்திலிருந்து ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று வாரிவந்தவை அவை. சென்னையிலிருந்த என் பேராசிரியர், ஸ்பிரிட்டில் ஊறிய அவற்றை ஜாடிகளில் கொடுத்தனுப்பியிருந்தார்.

நாங்கள் சமணர்கள். ஜாடிகளை மாமியார் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“சங்கு ஈரறிவு உயிருமா. அத்தப் போயி அறுக்கணுமா?”

“நான் கொல்லலை அத்தை. செத்துதான் என் கைக்கு வந்துது.”

“உன்ன மாதிரி படிக்கிறவங்களுக்குத்தானே புடிச்சாங்க?”

அந்த உறுத்தல் எனக்கும் இருந்தது. கணவர்தான், “மண்டில பின்னால எடம் சும்மாதான் இருக்குது. அங்க வெச்சிக்கோமா” என்றார்.

காலையில் கல்லூரியில் பாடம் நடத்துவேன். பிற்பகலில் மூட்டைகளுக்கு நடுவே மைக்ராஸ்கோப். இந்தச் சங்குகளின் நாக்கு, பல் வரிசைகள் கொண்ட மெல்லிய நாடா. பட்டு இழைபோல் இருக்கும் அதைப் பிய்யாமல் எடுப்பதற்குள் கழுத்து இற்றுவிடும். ஓட்டைப் பார்த்து முந்தைய ஆய்வாளர்கள் வெவ்வேறு இடங்களில் வைத்திருந்த மூன்று பேரினங்களுக்கு நடுப்பல் ஒரே மாதிரி இருந்தது. அந்தப் பெரிய குடும்பத்தில் வேறெதற்கும் அப்படி இல்லை. இவற்றைத் தனித் துணைக்குடும்பமாகப் பிரிக்க வேண்டும் என்று தோன்றியபோது, மண்டியில் எடைபோட்டுக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒன்றும் புரியாமலே சந்தோஷப்பட்டார்.

துணைக்குடும்பத்துக்குப் பெயரும் வைத்தாயிற்று. கட்டுரையை அனுப்பும் நேரத்தில் பேராசிரியர் சென்னைக்கு வரச் சொன்னார். மேஜையில் வெளிநாட்டு இதழ் ஒன்று விரிந்து கிடந்தது. அதே சங்குகள், அந்நாட்டு ஆய்வாளர் ஒருவர் வைத்த வேறு பெயர். முதலில் அச்சான பெயர்தான் நிற்கும்; அதுதான் விதி.

“உம்மேல தப்பு இல்லம்மா” என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

பஸ்ஸில் அழவில்லை. வீட்டு வாசலில் கணவரைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. இருட்டினால் எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை; விஷயத்தைக் கேட்டவர் இலையைப் போட்டார். “பொழுது சாயறதுக்குள்ள ஒரு வாய் சாப்டு. அப்பால அழுவலாம்.”

மாமியார் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“அந்த ஆளும் நீ சொன்னதையேதான் சொல்லிகிறாரா?”

“ஆமாம் அத்தை.”

“எங்கியோ கீறாரு, உன்னப் பாத்ததுகூட இல்ல. அவரு கண்ணுக்கும் அப்டித்தான் தெரிஞ்சிருக்குது. அப்ப நீ பாத்தது நெஜம்தானேமா?”

அதைச் சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். சாப்பிட்டேன்.

மறுவாரம் அந்தக் கட்டுரையை நிதானமாகப் படித்தேன். அவர் ஓடுகளை மட்டுமே நுணுகிப் பார்த்து இரண்டு பேரினங்களைச் சேர்த்திருந்தார், பல்லைப் பார்க்கவில்லை. அதனால் மூன்றாவது பேரினம் அவர் கண்ணில் படாமல் போயிருந்தது. என் கட்டுரையைத் திருப்பி எழுதினேன். நான் வைத்த பெயரை அடித்துவிட்டு அவர் வைத்ததை எழுதுவது முதலில் கசந்தது. நாலைந்து பக்கம் போனபின் கை பழகிவிட்டது.

அது அச்சாகி வந்ததும் அவர் தன் அடுத்த கட்டுரையில் மூன்றாவதையும் சேர்த்துக்கொண்டார், என் படங்களைச் சுட்டிக்காட்டி. துணைக்குடும்பம் இன்றைக்கும் அவர் வைத்த பெயரில்தான் இருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.