மேயரைக் காட்டிக்கொடுத்தவள்

எங்கள் ஊர் கிளப்புக்குள் கோரலி பெண்டர் நுழைந்தால் இப்போதெல்லாம் யாராவது ஒருவன் குரல் கொடுக்கிறான்: "பீரை மறைங்கடா, போய்ச் சொல்லிருவா!" எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் டார்லிங் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊர் திருடனை மன்னிக்கும். குடித்துவிட்டு அடுத்தவன் வேலியை இடித்தவனையும் மன்னிக்கும். அதிகாரியிடம் போய்ச் சொன்னவரை மட்டும் மன்னிக்காது. நான் கோரலியின் பக்கத்து வீட்டில் இருப்பவன். யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்பதை ஒருவராவது சொல்லியாக வேண்டும்.

இளவயதில் கோரலி ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் சமையல்காரி. கறியில் குறை சொன்னவனின் தட்டைப் பிடுங்கி நாய்க்குப் போட்டவள். பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தபோது, பெர்த் நகரில் இருக்கும் மகன் பூங்கொத்து அனுப்பினான். தோழி வில்மா கெர்ஸ்லேக்தான் தினமும் வந்து குளிப்பாட்டி, சூப் ஊட்டினாள். அதன் பிறகு வில்மா சொன்னதெல்லாம் கோரலிக்கு வேதம். எல்லா வேதங்களையும் போல அதுவும் கேள்வி கேட்க விடவில்லை.

வட்டார வனவிலங்குப் பராமரிப்புக் குழுவுக்கு வில்மாதான் தலைவி. அடிபட்ட விலங்குகள் முதலில் அவள் வீட்டுக்குப் போகும். அங்கிருந்து உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள். ஒரு கோடையில், ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கோரலியின் மேசையில் வைத்தாள். உள்ளே தாடி ஓணான் குஞ்சு ஒன்று.

"குப்பைமேட்டுல கிடந்துச்சுடி. எந்தப் படுபாவியோ வளர்க்க வக்கில்லாம வீசிட்டுப் போயிருக்கான். நீ கை வச்சாத்தான் பொழைக்கும்."

குஞ்சுக்கு வால்நுனி இல்லை. கால்விரல்கள் சில இல்லை. தாடை ரப்பர் போல வளைந்தது. வெயிலும் கால்சியமும் கிடைக்காததால் எலும்பு இறுகவே இல்லை என்றார் கால்நடை மருத்துவர். மூக்கில் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விட்டு நக்கவைத்தாள் கோரலி. பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டி, காலைப் பிய்த்து, இடுக்கியால் ஊட்டினாள். இடுப்பு வலியோடு காலை வெயிலில் அதன் கூண்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அதற்கு மேயர் என்று பெயர் வைத்தாள்.

"ஏன் மேயர்?" என்றேன்.

"தாடியை உப்பிக்கிட்டு சும்மாவே உக்காந்திருக்காரு. வேற என்ன பேர் வைக்கிறது?"

சில வாரம் கழித்து ஒரு நாள் வேலியைத் தட்டிக் கத்தினாள். "ஓடி வாங்க! மேயர் வேலை செய்றாரு!" மேயர் தானாகவே ஒரு வெட்டுக்கிளியைத் துரத்திப் பிடித்து மென்றுகொண்டிருந்தது. தாடை வளையவில்லை.

ஈஸ்டர் சமயத்தில் குழுவுக்காகத் தெருவில் சாசேஜ் சுட்டு விற்க ஏற்பாடானது. சுடுவதற்கான இரும்புத் தட்டு வில்மாவின் கொட்டகையில் இருந்தது. வழக்கமாக யாரையும் உள்ளே விடாமல் வில்மாவே எடுத்துத் தருவாள். அன்று அவள் கடைக்குப் போயிருந்ததால் கோரலி தானே கதவைத் திறந்தாள்.

விளக்கில்லாத அந்த இருட்டில், துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் தொட்டி நிறைய ஓணான் குஞ்சுகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பசியில் ஒன்றின் வால் இன்னொன்றின் வாயில் இருந்தது. பக்கத்துக் கூண்டில் ஒற்றைக்கண் தாய் ஓணான். யாரோ வதைத்த வீட்டிலிருந்து குழு மீட்டுவந்தது அது. செத்துப்போய்விட்டதாக வில்மா எல்லோரிடமும் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டாளே, அதே ஓணான்.

வில்மா திரும்பி வந்தபோது கோரலி தொட்டியின் அருகிலேயே நின்றிருந்தாள்.

"என்னடி இது?"

"கத்தாதே. நல்லா தேறினதை வெளியூர்க்காரங்க வாங்கிக்குவாங்க."

"தேறாதது?"

வில்மா கொட்டகைக் கதவை உள்ளிருந்து சாத்தினாள்.

"குப்பைமேடுன்னு சொன்னியே வில்மா."

"உன்கிட்ட குடுத்தா பொழச்சுக்கும்னு தெரியும். பொழச்சுதா இல்லியா? அதை வாங்கவும் ஒருத்தர் சொல்லி வச்சிருக்காரு, அடுத்த வாரம் அனுப்பிடு."

எந்தப் படுபாவி என்று அப்போதுதான் கோரலிக்குத் தெரிந்தது.

அவள் குழுவைக் கூட்டிச் சொன்னாள். நடுக்கம் வில்மாவுக்கு வரவில்லை, மற்றவர்களுக்குத்தான் வந்தது. பொருளாளர் டெஸ்மண்ட் கேட்டார்: "இடுப்பு உடைஞ்சு கிடந்தப்ப உன்னைக் குளிப்பாட்டினது யாரும்மா? வெளிய சொன்னா குழுவோட உரிமம் போயிடும். உன் மேயரையும் தூக்கிட்டுப் போவாங்க. அதை யோசிச்சியா?"

அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டால் மேயர் அவளிடமே இருந்துவிடலாம். மேயரை விற்காமல் விட்டுத்தருவதாக வில்மாவும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். தொட்டியில் கிடப்பவை அப்படியே கிடக்கும். குளிப்பாட்டிய கைக்கு நன்றி சொல்லலாம். அந்தக் கை செய்யும் கொடுமைக்குக் காவல் நிற்கச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? ஆனால் எங்கள் ஊரில் விசுவாசம் என்றால் அதுதான். குழுவில் ஒருவர்கூட அவள் பக்கம் கை தூக்கவில்லை.

கோரலி வனவிலங்குத் துறைக்குப் போன் செய்தாள். தன் பெயரைச் சொல்லித்தான் பேசினாள்.

அலுவலர்கள் கொட்டகையைக் காலி செய்துவிட்டுக் கோரலியின் வீட்டுக்கும் வந்தார்கள். உரிமம் இல்லாமல் பொரிக்கவைத்த குஞ்சு, காட்டில் விட முடியாது, உரிமம் உள்ள ஒருவரிடம்தான் போகும் என்றார் ஒரு அலுவலர்.

"எந்த ஊருக்கு?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா."

"பொடி போட்டுத்தான் ஊட்டணும்னு அவங்ககிட்ட சொல்வீங்களா?"

"சொல்றேன்."

கூண்டைக் காரில் வைத்து அவர் குனிந்து பார்த்தார். மேயர் முன்னங்கால் ஒன்றைத் தூக்கி மெதுவாகச் சுழற்றியது.

"பாருங்க, உங்களுக்கு டாட்டா காட்டுது!" என்று சிரித்தார்.

"டாட்டா இல்ல. பெருசு எதையாவது பாத்தா குட்டிங்க அப்படித்தான் செய்யும். நான் சின்னவன், அடிக்காதேன்னு கேக்குது. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். கால் கீழே இறங்கும்வரை காத்திருந்து, கூண்டின் மேல் துணியைக் கோரலியே போர்த்தினாள். கார் தெருமுனை திரும்பியது. எதிர்வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டெஸ்மண்ட் திரையை இழுத்து மூடினார்.