கடையைப் பூட்டிய இரண்டு வரி

இன்று காலை திண்டிவனத்தில் ஒரு மேடை அலங்காரக் கடைக்குப் போயிருந்தேன். "ஒரு வருஷமா கூகுள்ல தேடினா நம்ம கடையே வரலப்பா" என்று வலைத்தளங்களைச் சரிசெய்யும் என்னை உரிமையாளர் கூப்பிட்டிருந்தார்.

நான்கே பக்கம் உள்ள வலைத்தளம். செய்தவர் அவருடைய மச்சான். பக்கத்திலேயே பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

திறந்து பார்த்தேன். தேடுபொறிகள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் ஃபைல் ஒன்று இருந்தது. அதில் இரண்டே வரி: யாரும் எதையும் பார்க்கக் கூடாது.

"ஏங்க இப்படிப் போட்டீங்க?"

"கண்டவனும் உள்ள பூந்து நம்ம டிசைனைத் திருடிக்கினு போயிடுவான்ல?" என்றார் மச்சான்.

"திருட வர்றவன் இதையெல்லாம் மதிக்க மாட்டான். கஸ்டமரைக் கூட்டிக்கினு வர்ற கூகுள்தான் மதிச்சுத் திரும்பிப் போகும். நாலு பக்க சைட்டுக்கு இந்த ஃபைலே வேணாம்."

அழித்தேன். ஒரு நிமிட வேலை.

உரிமையாளர் முகம் செத்துவிட்டது. "ஃபோனே வரலன்னுதானடா கலாவை வேலையை விட்டு நிறுத்தினேன்" என்றார் மச்சானிடம். கலா, அங்கே ஆறு வருடம் போனில் ஆர்டர் எடுத்தவர்.

"இனிமே ஃபோன் வருமாப்பா?"

"கொஞ்ச நாள்ல வரும். எடுக்கத்தான் ஆள் இல்ல."

கலா இப்போது விழுப்புரத்தில் போட்டிக் கடையில் இருக்கிறாராம். தேடினால் முதலில் வருவதும் அந்தக் கடைதான். அவர்களிடம் அந்த ஃபைலே இல்லை.

மச்சான் மட்டும் அசரவில்லை. "தம்பி, அந்த ரெண்டு வரிய அவங்க சைட்ல போட்டுவிட முடியுமா?"

ஞாயிறுதோறும் விழுப்புரத்தில் இந்த மச்சான் வெப்சைட் வகுப்பு எடுக்கிறாராம். யாரெல்லாம் சேர்ந்திருக்கிறீர்கள்? கீழே சொல்லுங்கள், அனுதாபம் தெரிவிக்க வேண்டும்.