அம்மா விலக்கிய பனங்கீற்று

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று பக்கத்து வீட்டில் கூரை பிரித்தார்கள். அந்தப் பழைய ஓலை வாசனை என்னை மரக்காணம் உப்பளத்தில் கொண்டுபோய் விட்டது.

எட்டு வயதில் அம்மாவோடு உப்புக் கூடை சுமந்தேன். பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாதென்று அப்போதே சட்டம் இருந்ததாம். அதிகாரியின் ஜீப் வந்தால், மேஸ்திரி பிள்ளைகள் எங்களை உப்புக் குவியலோரம் படுக்கவைத்து, மழைக்கு மூடும் பனங்கீற்றைப் போட்டு மறைத்துவிடுவார். கால் வெடிப்பில் உப்பு எரியும். ஜீப் போனதும் மறுபடியும் கூடைதான்.

ஒருநாள் அதிகாரி நிற்கும்போதே அம்மா கீற்றை விலக்கினார்.

"எழுந்திருடி! சார், இது எம் பொண்ணு. இஸ்கூலுக்குப் போவணும்."

மேஸ்திரி முறைத்தார். "நாளைக்கு உனக்கு வேலை வேணாமா?"

"நாங்க பொம்பளைங்க நின்னுட்டா உப்பை யாருய்யா தூக்குவா? நீயா? எங்க, ஒரு கூடை தூக்கு பாக்கலாம்!"

களமே சிரித்தது. பெண்கள் எல்லோரும் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் மேல் கிடந்த கீற்றுகளை மேஸ்திரியே விலக்கினார்.

அதுவரை சட்டம் ஜீப்போடு வந்து ஜீப்போடு போனது. அன்று அம்மாக்கள் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள். மறுநாள் நாங்கள் ஏழு சிறுமிகள் பள்ளிக்கூடம் போனோம்.

ஏழா, எட்டா என்று சந்தேகமாக இருக்கிறது. அவர்களில் யாராவது இதைப் படித்தால், சரிபார்த்து எழுதுங்கள்.